முயல் காலில் சிக்கிய உலோகம் மனிதர் வாயில் பல்லான கதை தெரியுமா?

விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் ஒரு ஸ்க்ரூவைப் பதித்து, அதன் மேல் புதுப் பல் கட்டுகிறார்களே, இம்பிளாண்ட்! அந்தச் சிகிச்சைக்கு வழி திறந்தவர் பல் டாக்டரே இல்லை, தெரியுமா? பல்லைப் பற்றி அவர் ஆராயவும் இல்லை. முயலின் கால் எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்!

ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம், 1952ஆம் ஆண்டு. பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற இளம் ஆய்வாளருக்கு ஓர் ஆசை. எலும்பு மஜ்ஜைக்குள் ரத்த ஓட்டம் நடப்பதை, அது நடந்துகொண்டிருக்கும்போதே கண்ணால் பார்க்க வேண்டும். செத்த எலும்பை வெட்டிப் பார்ப்பதில் அவருக்கு நிறைவில்லை. டைட்டானியத்தில் ஒரு குட்டிக் கூடு செய்து, அதில் லென்ஸ் பொருத்தி, முயலின் கால் எலும்பில் பதித்தார். மேலே மைக்ராஸ்கோப்பை வைத்தால் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். மாதக்கணக்கில் பார்த்தார். ஆய்வு முடிந்தது. விலை உயர்ந்த கூடு ஆயிற்றே, கழற்றி மறுபடி பயன்படுத்தலாம் என்று திருகினார். வரவில்லை. இழுத்தார். அப்போதும் வரவில்லை! எலும்பு அந்த உலோகத்தைச் சுற்றி வளர்ந்து, அதன் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் எல்லாம் புகுந்து, பிடித்துக்கொண்டுவிட்டது.

காலில் முள் ஏறினால் என்ன ஆகிறது? சீழ் கட்டி உடம்பு அதை வெளியே தள்ளப் பார்க்கிறது. தள்ள முடியாவிட்டால் நார்போன்ற ஓர் உறையைச் சுற்றிலும் கட்டி ஒதுக்கிவைக்கிறது. உலோகத்தையும் எலும்பு அப்படித்தான் ஒதுக்கும் என்று மருத்துவ உலகம் உறுதியாக நம்பிய காலம் அது. முயலோ வேறு கதை சொன்னது. வேறொருவர் என்றால் ஆய்வுச் செலவு வீணாயிற்றே என்று வருந்திவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். கழலாமல் போனதுதான் உண்மையான கண்டுபிடிப்பு என்று கண்டுகொண்டதில் இருக்கிறது பிரோனமார்க்கின் மேதைமை.

பிறகு கோதன்பர்க் நகருக்குப் போனார். மாணவத் தன்னார்வலர்கள் சிலரின் மேல்கைத் தோலில் டைட்டானியக் கூடுகளைப் பதித்துப் பார்த்தார். வீக்கம் இல்லை, சீழ் இல்லை, உடம்பு முரண்டு பிடிக்கவே இல்லை! நாய்களின் தாடையில் பதித்துப் பார்த்தார். அங்கேயும் எலும்பு பிடித்துக்கொண்டது. 1965இல் முதல் மனிதர் முன்வந்தார். யோஸ்டா லார்சன் என்பது அவர் பெயர். பிறவியிலேயே தாடையிலும் அண்ணத்திலும் குறை. கீழ்த்தாடையில் பல்லே இல்லை. பேசுவதும் மெல்லுவதும் அவருக்குப் பெரும்பாடு. அவருடைய கீழ்த்தாடையில் நான்கு டைட்டானிய ஸ்க்ரூக்களைப் பதித்தார்கள். எலும்பு பிடிக்கும்வரை காத்திருந்து, பற்களைக் கட்டினார்கள். லார்சன் இறந்தது 2006இல். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த நான்கு ஸ்க்ரூக்களும் அவர் வாயில் இருந்தன, வேலை செய்தன!

இவ்வளவு நடந்த பிறகாவது உலகம் கைதட்டியிருக்க வேண்டாமா? இல்லை. உடற்கூறியல் பேராசிரியருக்கு வாயில் என்ன வேலை என்று ஸ்வீடன் பல் மருத்துவர்களே எதிர்த்தார்கள். அதற்கு முன் பலர் பலவிதமான உலோகங்களைத் தாடையில் செருகித் தோற்றிருந்ததால், சந்தேகத்திலும் நியாயம் இருந்தது. பிரோனமார்க் வாதாடுவதைவிட நோயாளிகளைத் தொடர்ந்து கவனிப்பதிலேயே காலத்தைச் செலவிட்டார். 10 ஆண்டுகால விவரங்களைத் திரட்டி 1977இல் வெளியிட்டார். 1982இல் கனடாவின் டொரன்டோ நகரில் நடந்த மாநாட்டில்தான் வட அமெரிக்காவின் பல் மருத்துவம் அதைத் திறந்த மனத்துடன் ஏற்றது. முயல் காலில் தொடங்கி டொரன்டோவுக்கு வர 30 ஆண்டுகள்! எலும்பும் உலோகமும் இப்படி ஒட்டுவதற்கு அவர் வைத்த ஆசியோஇன்டெக்ரேஷன் என்ற பெயர் இன்று உலகத்தின் எல்லாப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பாடம்.

போஃபர்ஸ் என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? பீரங்கி! 1986இல் இந்தியா ஒப்பந்தம் போட்டது, நாடாளுமன்றமே அதிர்ந்தது, 1999 கார்கில் மலையில் முழங்கியது, அதே போஃபர்ஸ். பிரோனமார்க்கின் இம்பிளாண்ட்டைத் தொழில்முறையில் தயாரிக்க 1970களின் இறுதியில் கைகோத்த நிறுவனமும் அதுதான், தெரியுமா? ஆல்ஃபிரட் நோபல் ஒரு காலத்தில் உரிமையாளராக இருந்த நிறுவனம் என்பதால், அதன் பல் பிரிவுக்கு நோபல்ஃபார்மா என்று பெயர் வந்தது. இப்போது நோபல் பயோகேர். நம் ஊர் பல் ஆஸ்பத்திரிகளிலும் இந்தப் பெயரைக் கேட்கலாம். சரி, இன்னொரு பெரிய பெயரான ஸ்ட்ராமன்? அது 1954இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கியபோது கைக்கடிகாரத்துக்கான உலோகக் கலவைகளை ஆராய்ந்துகொண்டிருந்த நிறுவனம்! துருப்பிடிக்காத, நுணுக்கமான உலோக வேலை கைவந்ததால் எலும்பு முறிவுத் தகடுகளுக்குப் போய், 1970களில் பெர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆந்த்ரே ஷ்ரோடருடன் சேர்ந்து பல்லுக்கு வந்தது.

அது சரி, ஏன் டைட்டானியம்? தங்கம் கூடாதா, பிளாட்டினம் ஆகாதா? 1809இல் மாஜியோலோ என்பவர் தங்கத்தில் செய்துபார்த்தார். 1910களில் அமெரிக்காவின் கிரீன்ஃபீல்டு, இரிடியமும் பிளாட்டினமும் கலந்த கம்பியில் சின்னக் கூண்டு பின்னித் தாடையில் இறக்கினார். 1930களின் இறுதியில் கோபால்ட்டும் குரோமியமும் கலந்த ஸ்க்ரூக்கள் வந்தன. இவர்களில் யாருக்கும் டைட்டானியம் தோன்றாததற்குக் காரணம் உண்டு. அந்த உலோகத்தை 1791இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள் என்றாலும், தாதுவிலிருந்து தூய உலோகமாகப் பிரித்தெடுப்பது பெரும்பாடாக இருந்தது. லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் குரோல் 1940 வாக்கில் நல்ல வழி கண்டார். வணிக அளவில் உற்பத்தி தொடங்கியது 1948இல். அப்படியானால் 1952இல் பிரோனமார்க் கையில் இருந்தது, பயன்பாட்டுக்கு வந்து சில ஆண்டுகளே ஆன புத்தம்புது உலோகம்! பத்தாண்டு முன்னால் அவர் இந்த ஆய்வைச் செய்திருந்தால் வேறு உலோகத்தில் கூடு செய்திருப்பார். கழற்றியும் இருப்பார்.

டைட்டானியத்தின் ரகசியம் அதன் மேல்தோலில் இருக்கிறது. காற்றுப் பட்ட கணமே அதன் மேல் ஆக்சைடு படலம் ஒன்று படிந்துவிடும். தடிமன் சில நானோமீட்டர்கள் மட்டுமே. கீறினால் உடனே மறுபடி படியும். இந்தப் படலம் உள்ளே இருக்கும் உலோகத்தை உப்பும் ஈரமும் நிறைந்த நம் உடம்பிலிருந்து பிரித்துவைக்கிறது. ஆகவே எலும்பு செல்கள் தொடுவது உலோகத்தை அல்ல, அந்த ஆக்சைடைத்தான்! அதே டைட்டானியம் டை ஆக்சைடுதான் சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்டிலும், நம்மில் பலர் காலையில் பிரஷ்ஷில் பிதுக்கும் வெள்ளை டூத்பேஸ்ட்டிலும் இருக்கிறது.

இதன் தாது எங்கே கிடைக்கிறது தெரியுமா? தமிழ்நாட்டின் தென்கோடியில்! கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பாகப் படிந்து கிடக்கிறதே மணல், அதில் நிறைய இருப்பது இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த தாது. மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அங்கே மணலைப் பிரித்தெடுக்கிறது. அதே கரையோரம் வடக்கே போனால் கேரளத்தின் சவறா. அங்கே 2011இல் டைட்டானிய உலோகம் தயாரிக்கும் ஆலை திறந்தார்கள், ராக்கெட்டையும் விண்கலத்தையும் மனத்தில் வைத்து. விண்வெளிக்குப் போகும் உலோகமும் கடைவாயில் உட்காரும் உலோகமும் ஒரே இனம்!

மனிதருக்கு இந்தக் கனவு எத்தனை பழையது என்று பார்த்தால் இன்னும் மலைப்பு. 1931இல் ஹோண்டுராஸ் நாட்டில் பிளாயா தெ லோஸ் முயெர்த்தோஸ் என்ற இடத்தில் ஒரு மாயன் தாடையெலும்பு கிடைத்தது. கி.பி. 600 வாக்கில் வாழ்ந்தவருடையது. கீழ் முன்பற்கள் மூன்றின் இடத்தில் பல் வடிவில் செதுக்கிய சிப்பி ஓடுகள்! இறந்த பிறகு அழகுக்காகச் செருகியிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1970இல் பிரேசிலைச் சேர்ந்த பேராசிரியர் அமதேயோ பாபியோ எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, ஓடுகளைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தது. உயிரோடு இருந்தபோதே வைத்திருக்கிறார்கள், எலும்பும் ஏற்றிருக்கிறது! டைட்டானியத்துக்கு 1300 ஆண்டுகளுக்கு முன்னால்!

ஐரோப்பியர் கதை இவ்வளவு இனிமையானதல்ல. 1815 வாட்டர்லூ போர்க்களத்தில் இறந்து கிடந்த வீரர்களின் பற்களைப் பிடுங்கி விற்றார்கள். பணக்காரர்களின் பல்செட்டுகளில் அவை ஏறின. அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் 1789இல் பதவியேற்றபோது வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொந்தப் பல். அவர் மரப்பல் கட்டியிருந்தார் என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தமும், உலோகமும், மற்ற மனிதர்களின் பற்களும் கொண்டு செய்த செட்டுகள் அவை. உண்மையிலேயே மரத்தில் பல்செட் செய்தவர்கள் ஜப்பானியர். 1538இல் மறைந்த ஒரு பௌத்தத் துறவிப் பெண்மணியின் மரப்பல்செட் இன்றும் இருக்கிறது.

இப்போது நம் வாய்க்குள் வருவோம். பல்லைப் பிடுங்கிய பிறகு தாடை எலும்பு சும்மா இருக்காது, தெரியுமா? தாங்குவதற்குப் பல் இல்லை என்றானதும் கரையத் தொடங்குகிறது. முதல் ஓராண்டிலேயே அந்த இடத்து எலும்பின் அகலம் பாதியளவு வரை குறையலாம். அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில்! பொக்கை வாய்க்காரர்களுக்குக் கன்னம் ஒட்டி, தாடை மேலேறி, முகமே சுருங்கியதுபோலத் தெரிவதற்கு இந்தக் கரைதல்தான் முக்கியக் காரணம். மேல் கடைவாயில் இன்னொரு விந்தை. அங்கே பல்வேர்களுக்கு மேலே காற்று நிறைந்த ஒரு குகை இருக்கிறது, சைனஸ். பல் போனதும் அந்தக் குகை கீழ்நோக்கி விரிகிறது! மேலிருந்து சைனஸ் இறங்க, கீழிருந்து எலும்பு கரைய, ஸ்க்ரூ போட இடமே இல்லாமல் போகும். அப்போது சைனஸின் அடிச்சவ்வை மெல்ல உயர்த்தி எலும்புத்தூள் நிரப்புகிறார்கள். அதுவும் முடியாதவர்களுக்குக் கன்னத்து எலும்பு வரை போகும் நீண்ட ஸ்க்ரூக்கள் உண்டு. சாதாரண இம்பிளாண்ட் 8 முதல் 13 மில்லிமீட்டர் நீளம் என்றால், இவை 30 முதல் 50 மில்லிமீட்டருக்கும் மேல்!

எலும்பில் துளை போடும்போது பெரிய எதிரி வலி அல்ல, அதற்குத்தான் மரத்துப்போகும் ஊசி இருக்கிறதே. எதிரி சூடு! எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே அதன் செல்கள் செத்துப்போகும் என்று 1980களில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் உடம்புச் சூட்டைவிட 10 டிகிரிதான் அதிகம்! ஆகவேதான் டிரில் சுழலும்போது உப்புநீரைப் பீச்சிக்கொண்டே இருக்கிறார்கள்.

இனி வருவதுதான் என்னை மிகவும் வியக்கவைப்பது. ஸ்க்ரூ எந்த வாரத்தில் மிகவும் பலவீனமாக இருக்கும்? போட்ட அன்றுதான் என்று நினைப்போம். இல்லை! போட்ட அன்று பழைய எலும்பின் இறுக்கத்தில் அது கெட்டியாக நிற்கிறது. பிறகு துளையோரத்து எலும்பை உடம்பே அரித்து எடுக்கிறது, புது எலும்பு கட்டுவதற்காக. பழையது போய், புதியது முழுதாக வராத இடைவெளி, சுமார் இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம் வரை. போட்ட நாளைவிட அப்போதுதான் பிடி தளர்ந்திருக்கும்! வலியும் போயிருக்கும், வீக்கமும் வடிந்திருக்கும், எல்லாம் சரியாகிவிட்டது என்று முறுக்கையும் சீடையையும் அந்தப் பக்கம் கடிக்கத் தோன்றும் நேரமும் அதுவே. கடிக்கக் கூடாது. கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் என்று பிரோனமார்க் காத்திருந்தார். இன்று ஸ்க்ரூவின் மேற்பரப்பை அமிலத்தால் சொரசொரப்பாக்கி அந்தக் காலத்தைக் குறைத்திருக்கிறார்கள். எலும்பு நன்றாக இருக்கும் சிலருக்கு அன்றே தற்காலிகப் பல் வைப்பதும் உண்டு. ஆனாலும் எலும்பு வளரும் வேகத்துக்கு நாம்தான் பொறுக்க வேண்டும்.

சொந்தப் பல் எலும்போடு ஒட்டியிருக்கவில்லை என்பது தெரியுமா? அது தாடைக்குள் ஊஞ்சல் போலத் தொங்குகிறது! பல்வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி. அதில் ஆயிரக்கணக்கான நார்களும் நரம்பு முனைகளும். சோற்றில் கிடக்கும் மணல் துகளை மெல்லும் முன்பே கண்டுபிடிக்கிறோமே, அந்த நரம்புகளின் வேலை. 20 மைக்ரான் தடிமனைக்கூட அவை உணர்கின்றன, தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இம்பிளாண்ட்டுக்கு அந்த நார்கள் இல்லை. அது எலும்பில் நேரடியாகப் பூட்டியிருக்கிறது. உணர்வு மழுங்கலாகத்தான் இருக்கும். வளரும் பிள்ளைகளுக்கு இம்பிளாண்ட் போடாததற்கும் இதுவே காரணம். தாடை வளர வளர மற்ற பற்கள் கூடவே இறங்கிவரும், ஸ்க்ரூ மட்டும் போட்ட இடத்திலேயே நின்றுவிடும்.

பல்லுக்கு வந்த அந்த டைட்டானியம் காதுக்கும் காலுக்கும் போனது. 1977இல் கோதன்பர்க்கில் ஆண்டர்ஸ் ஷெல்ஸ்ட்ரோம், காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் டைட்டானிய ஸ்க்ரூ பதித்து, எலும்பின் வழியாகவே ஒலி கேட்கவைக்கும் கருவிக்கு வழி செய்தார். பிரோனமார்க்கின் மகன் ரிக்கார்டு, தொடை எலும்பில் டைட்டானியத் தண்டு பதித்து, அதில் நேரடியாகச் செயற்கைக் காலை மாட்டும் முறையை வளர்த்தார். அப்படிக் கால் போட்டவர்களால் தாங்கள் மிதிப்பது புல்லா, சிமென்ட் தரையா என்று ஓரளவு உணர முடிகிறது!

இன்னொன்று, கேட்டால் நம்ப மாட்டீர்கள். பல்லைக் கண்ணில் வைக்கிறார்கள்! அமிலம் பட்டோ, கடுமையான மருந்து ஒவ்வாமையாலோ கருவிழி முழுதும் கெட்டுப்போனவர்களுக்கு மட்டுமான சிகிச்சை. அவர்களுடைய கோரைப்பல்லையே வேரோடும் எலும்போடும் எடுத்து, மெல்லிய தகடாக இழைத்து, நடுவில் துளையிட்டு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உருளையைப் பொருத்துகிறார்கள். சில மாதங்கள் அதைச் சதைக்குள் புதைத்துவைத்து, பிறகு கண்ணில் பதிக்கிறார்கள். 1960களில் இத்தாலியின் ஸ்ட்ரம்பெல்லி தொடங்கிவைத்தது. சென்னை சங்கர நேத்ராலயாவில் இதைச் செய்கிறார்கள். இருட்டில் இருந்தவர்கள் தங்கள் பல்லின் வழியாகப் பார்க்கிறார்கள்!

நாளைக்கு ஸ்க்ரூவே வேண்டாம் என்றாகுமோ? ஜப்பானின் கியோட்டோவில் மூன்றாம் பல்லை முளைக்கவைக்கும் மருந்தை 2024 அக்டோபரில் மனிதர்களுக்குச் செலுத்திப் பார்க்கத் தொடங்கினார்கள். பல் வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு புரதத்தை அது முடக்குகிறது. அப்போது தொடங்கியது பாதுகாப்பைச் சோதிக்கும் முதல் கட்டம்தான். யானைக்கு வாழ்நாளில் ஆறு தொகுதிக் கடைவாய்ப்பற்கள் வருகின்றன, சுறாவுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. நமக்கு இரண்டோடு சரி. அதனால் இருப்பதைக் காப்பதே முதல் வேலை. காப்பாற்ற முடிகிற பல்லைப் பிடுங்கிவிட்டு இம்பிளாண்ட் போடுவது எனக்கு உடன்பாடில்லை. எவ்வளவு நல்ல டைட்டானியத்துக்கும் அந்த 0.2 மில்லிமீட்டர் ஊஞ்சல் இல்லை.

பல் போய்விட்டது, இம்பிளாண்ட் போட முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், டாக்டரிடம் வெட்கப்படாமல் சிலவற்றைச் சொல்லுங்கள், கேளுங்கள். பீடி, சிகரெட், புகையிலை இருந்தால் மறைக்காதீர்கள். எலும்பு ஒட்டாமல் போகும் வாய்ப்பைப் புகை கூட்டுகிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஊசி போடும் அம்மாக்கள் பலர் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவசியம் சொல்ல வேண்டியது அதுதான், அவற்றில் சில தாடை எலும்பைப் பாதிக்கக்கூடியவை. எலும்புத்தூள் வைப்பதாகச் சொன்னால் அது எதிலிருந்து வந்தது என்று கேளுங்கள். மாட்டெலும்பிலிருந்து செய்தது உண்டு, செயற்கையாகச் செய்ததும் உண்டு. தெரிந்துகொண்டு தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. போட்ட பிறகு, ஸ்க்ரூவுக்குச் சொத்தை வராது என்று பிரஷ்ஷை மறந்துவிடாதீர்கள். சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கெடும், வலி காட்டிக்கொடுக்காமலே கெடும்.

கடைசியாக ஒன்று. உங்கள் வாயில் வைத்த இம்பிளாண்ட்டின் கம்பெனி, அளவு, தொகுதி எண் எழுதிய கார்டை டாக்டரிடம் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். ஒரு கம்பெனியின் உதிரிப்பாகம் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. பதினைந்து ஆண்டு கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் அந்தப் பல்லைத் திறக்க வேண்டி வந்தால், அவர் முதலில் கேட்பது அந்தக் கார்டைத்தான்.